பதினொரு பாகங்களும் ஒரு பற்றரியும்: ஜிமி ஹென்றிக்ஸும் அவர் காலடியில் கிடந்த பெட்டியும்

சிறிய சாப்பாட்டுக் கோப்பை அளவில் வட்டமான ஓர் உலோகப் பெட்டி. மேலே கண்களைப்போல இரண்டு திருகிகள். கீழே வளைவாக எழுதப்பட்ட பெயர் சிரிக்கிற வாயைப்போல இருக்கும். 'ஃபஸ் ஃபேஸ்' என்று பெயர். 1966ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லண்டனில் ஐவர் ஆர்பிட்டர் என்பவரின் நிறுவனம் இதை விற்பனைக்கு விட்டது. அந்த வட்ட வடிவம் மைக் தாங்கியின் அடித்தட்டைப் பார்த்துப் பிறந்தது என்பார்கள். மின்கிற்றாருக்கும் அம்பிளிபயருக்கும் நடுவில் இதை நிலத்தில் வைத்து, காலால் அமத்தினால் கிற்றாரின் குரல் கரகரத்து, நீண்டு, அழும்.

மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பவை பதினொரு பாகங்கள் மட்டுமே. இரண்டு ரான்சிஸ்ரர், நான்கு ரெசிஸ்ரர், மூன்று கொண்டென்சர், இரண்டு கொன்ரோல். பிறகு ஒரு 9 வோல்ற் பற்றரி. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நெல்லியடியில் ரேடியோ திருத்தியவர்கள் இதைப் பார்த்தால், இவ்வளவுதானா என்று சிரித்திருப்பார்கள். அந்தப் பெட்டிகள் சிலவற்றில் இருந்த 'ஏசி 128' என்ற ரான்சிஸ்ரர், அந்தக் கால ரேடியோக்களின் ஒலிபெருக்கிப் பகுதியில் இருந்த அதே சாமான்தான். பழைய திருத்தகம் ஒன்றின் லாச்சியைக் கிளறினால் இன்றைக்கும் கிடைக்கக்கூடும்.

இந்தப் பெட்டியை உலகறியச் செய்தவர் ஜிமி ஹென்றிக்ஸ். இறந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. இன்றும் மின்கிற்றார் கற்கிற பிள்ளைகள் அவரிடம் வந்துதான் போகிறார்கள். மேடையில் அவர் கிற்றாரைக் கொளுத்திய படம் எல்லோருக்கும் தெரியும். அவரது காலடியில் கிடந்த சாமான்கள் எப்படி வேலை செய்தன, ஏன் அடிக்கடி பழுதாகின, யார் திருத்தினார்கள் என்ற கதை குறைவாகவே சொல்லப்படுகிறது. சாமான் இல்லாத காலத்தில் திருத்தித் திருத்தியே வாழ்ந்த எங்களுக்கு அந்தப் பக்கத்தால் அவரது வாழ்க்கையைப் பார்ப்பதுதான் கூடுதலாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

அவர் பிறந்தது 1942 நவம்பர் 27, அமெரிக்காவின் சியாற்றில் நகரில். உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. தகப்பன் அல் ஹென்றிக்ஸ் படையில் இருந்தார். பிள்ளை பிறந்த செய்தி வந்தபோது, லீவு இல்லாமல் ஓடிவிடுவார் என்ற சந்தேகத்தில் அவரை முகாமிலேயே அடைத்து வைத்திருந்தார்கள். தாய் லூசிலுக்கு அப்போது 17 வயது. தகப்பன் மகனின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தபோது பிள்ளைக்கு மூன்று வயது. ஜோனி அலன் என்று தாய் வைத்த பெயரை, வந்த தகப்பன் ஜேம்ஸ் மார்ஷல் என்று மாற்றினார். வறுமை, குடி, சண்டை. கூடப்பிறந்தவர்களில் மூவர் வேறு பராமரிப்புக்குக் கொடுக்கப்பட்டார்கள். பெற்றோர் பிரிந்தார்கள். 1958இல் தாய் இறந்தபோது பிள்ளைகளைத் தகப்பன் செத்தவீட்டுக்குக் கூட்டிச் செல்லவில்லை. கடைசியாக ஒருமுறை முகம் பார்க்காமல் ஒருவரை இழப்பது என்னவென்று இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களில் பலருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

சின்ன வயதில் அவரது கிற்றார் ஒரு தும்புத்தடி. 1957இல், வயதான பெண் ஒருவரின் வீட்டுக் குப்பையை அள்ளத் தகப்பனுக்கு உதவப் போன இடத்தில், ஒரே ஒரு தந்தியோடு கிடந்த ஒரு உகுலேலேயைக் கண்டெடுத்தார். அந்த ஒற்றைத் தந்தியில் வானொலியில் கேட்ட பாட்டுகளைக் காதால் தேடித் தேடி வாசித்தார். அடுத்த வருடம் ஐந்து டொலருக்கு ஒரு பழைய கிற்றார். 1959இல் தகப்பன் முதலாவது மின்கிற்றாரை வாங்கிக் கொடுத்தார். ஜிமி இடக்கையர். வலக்கையருக்குச் செய்த கிற்றாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். கிடைத்ததைத் தன் கைக்கு ஏற்பத் திருப்பிப் பூட்டுகிற பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

1961இல் களவெடுத்த கார்களில் இருந்ததற்காக இரண்டு தடவை பொலிஸில் பிடிபட்டார். சிறையா, படையா என்ற தெரிவு வைக்கப்பட்டது. படைக்குப் போனார். 101ஆவது வான்வழிப் படைப்பிரிவில் வான்குடை வீரர். கென்ரக்கி மாநிலத்தின் ஃபோட் காம்பெல் முகாமிலிருந்து தகப்பனுக்கு எழுதிக் கேட்டுக் கிற்றாரை வரவழைத்தார். அந்த முகாமில் பில்லி கொக்ஸ் என்ற பேஸ் கிற்றார்க்காரர் நண்பரானார். துவக்கைவிடக் கிற்றாரில் கவனம் கூடிய அந்த வீரரைப் படை 1962இல் விடுவித்தது. குதிக்கும்போது கணுக்கால் முறிந்ததாக அவர் சொல்லி வந்தார். கோவைகள் அவர் படைக்குப் பொருத்தமில்லாதவர் என்கின்றன. எப்படியோ, 1965இல் அதே படைப்பிரிவிலிருந்து வியட்நாமுக்கு ஆட்கள் அனுப்பப்பட்டபோது அவர் அங்கே இல்லை.

அடுத்த நான்கு வருடங்கள் கறுப்பின மக்களின் சிறிய அரங்குகளில் பிறருக்குப் பின்னால் நின்று வாசித்தார். ஐஸ்லி சகோதரர்கள், லிற்றில் ரிச்சர்ட் போன்றோரின் குழுக்களில் கூலிக்கு வாசிப்பவர். 1966இல் நியூயோர்க்கில் அவரைக் கேட்ட சாஸ் சாண்ட்லர் என்ற இங்கிலாந்து இசைக்காரர், அந்த வருடம் செப்டெம்பர் 24ஆம் திகதி அவரை லண்டனுக்குக் கூட்டி வந்தார். அங்கே நோயல் ரெடிங், மிச் மிச்சல் ஆகியோரோடு மூவர் குழு அமைந்தது. அதே மாதங்களில்தான் அந்த வட்டப் பெட்டியும் லண்டன் கடைகளுக்கு வந்தது. ஆளும் பெட்டியும் ஒரே பருவத்தில் ஒரே நகரத்துக்கு வந்து சேர்ந்தது தற்செயல்தான்.

பெட்டி செய்கிற வேலை விளங்கக் கடினமானதல்ல. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியை அளவுக்கு மீறித் திறந்துவிட்டால் குரல் உடைந்து கத்துமல்லவா, அதைச் சிறிய அளவில் வேண்டுமென்றே செய்வதுதான். கிற்றாரிலிருந்து வருகிற மெல்லிய மின்னலையை முதலாவது ரான்சிஸ்ரர் பெருப்பிக்கிறது. இரண்டாவது இன்னும் பெருப்பிக்கிறது. கையில் இருப்பது 9 வோல்ற் மட்டுமே. அதற்குமேல் உயர முடியாத அலையின் முகடு தட்டையாக வெட்டுப்படுகிறது. அந்த வெட்டுத்தான் கரகரப்பு. ஹென்றிக்ஸ் இதில் கண்டுபிடித்தது, பெட்டியை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, கிற்றாரிலுள்ள சின்னத் திருகியைச் சுண்டுவிரலால் குறைத்தால் ஒலி தெளிந்துவிடும் என்பதை. காலை எடுக்காமலே அழுகைக்கும் பேச்சுக்கும் இடையில் போய்வந்தார்.

சிக்கல் ஜெர்மேனியத்தில் இருந்தது. முதலில் வந்த பெட்டிகளின் ரான்சிஸ்ரர்கள் அதனால் ஆனவை. ஒரே பெயர் பொறித்த இரண்டு ஜெர்மேனியம் ரான்சிஸ்ரர்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று 70 மடங்கு பெருப்பிக்கும், மற்றது 130. வெப்பம் வேறு. ஏறத்தாழ ஒவ்வொரு 10 பாகை வெப்பத்துக்கும் அதனூடாகக் கசிகிற மின்னோட்டம் இரு மடங்காகும். குளிரான மண்டபத்தில் அழகாகப் பாடிய பெட்டி, வெயிலில் வைத்த மேடையில் அடைத்துத் துண்டு துண்டாகத் துப்பும். ஒரே கடையில் வாங்கிய பத்துப் பெட்டிகளில் ஒன்றிரண்டுதான் நன்றாக இருக்கும் என்பதால், பலவற்றை வாங்கித் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

தேர்ந்தெடுக்கவும் திருத்தவும் ஓர் ஆள் வந்தார். றொஜர் மேயர். பிரித்தானியக் கடற்படைத் திணைக்களத்தில், நீருக்கடியிலான ஒலியையும் அதிர்வையும் ஆராய்கிற வேலையிலிருந்த இளைஞர். 1967 ஜனவரியில் ஹென்றிக்ஸைச் சந்தித்தார். போர்க்கப்பல்களின் சத்தத்தைக் குறைக்கப் படித்த படிப்பு, கிற்றாரின் சத்தத்தைக் கூட்டப் பயன்பட்டது. அவர் செய்த 'ஒக்ரேவியா' என்ற பெட்டி, வாசிக்கிற சுரத்துக்கு மேல் ஒரு ஸ்தாயி உயர்ந்த சுரத்தையும் சேர்த்துத் தரும். அந்த ஆண்டு வெளிவந்த 'பேர்ப்பிள் ஹேஸ்' பாட்டில் அதைக் கேட்கலாம். அதன் தத்துவம் எங்கள் ஊருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துவிட்டால் ஒரு முகடு இருந்த இடத்தில் இரண்டு முகடுகள் வரும். சுரம் இரு மடங்கு உயரும். சைக்கிள் டைனமோவிலிருந்து வருகிற மின்சாரத்தை நான்கு டயோட்டால் நேராக்கி ரேடியோவுக்குக் கொடுத்தோமே, அதே மடிப்பு.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். செய்தி கேட்காமல் இருக்கவும் முடியாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, 6 வோல்ற் டைனமோவில் தமிழோசை கேட்ட தலைமுறை இது. கிற்றார்க்காரன் காலால் அமத்துவதும் பெடல்தான், நாங்கள் கையால் சுற்றியதும் பெடல்தான். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் அரை மணித்தியாலம் ஓடவைப்பது அன்றைக்குப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கைவேலை. வேடிக்கை என்னவென்றால், இந்த வட்டப் பெட்டியை விரும்புகிறவர்களில் சிலர் புதிய பற்றரியைவிட அரைவாசி செத்த பழைய காபன் பற்றரியைத்தான் தேடுகிறார்கள். வலுவிழந்த பற்றரியில் அதன் குரல் இன்னும் மென்மையாக உடையுமாம். அவர்களுக்குத் தேவையான சாமான் 1992இல் நெல்லியடியில் வீட்டுக்கு வீடு இருந்தது.

இப்படியான பழைய பெட்டி ஒன்று நாளை லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வருகிற உறவினரின் பயணப்பையில் நெல்லியடிக்கு வந்து சேர்ந்தால், அதைத் திருத்தக்கூடியவர் இங்கே இருக்கிறார். ஆனால் ரேடியோ திருத்திய கை ஒரு விடயத்தில் பொறுக்க வேண்டும். ரான்சிஸ்ரரைக் கடைசியாகத்தான் தொடவேண்டும். பெட்டியின் குரல் அதற்குள்தான் இருக்கிறது. அதை மாற்றிவிட்டால் திருத்தியது வேறு பெட்டி.

முதலில் நோயைக் கேட்க வேண்டும். காலால் நிறுத்தி வைத்த நிலையிலும் கிற்றார் கேட்காவிட்டால் குற்றம் சுற்றில் இல்லை. வயர், ஜக், கால்சுவிற்ச் இவற்றில் ஒன்றில்தான். நிறுத்தினால் கேட்கிறது, இயக்கினால் ஊமை என்றால் பற்றரியிலிருந்து தொடங்கலாம். இந்தப் பெட்டியில் தனியான மின்சுவிற்ச் கிடையாது. கிற்றார் வயரை உள்ளீட்டு ஜக்கில் செருகும்போதுதான் பற்றரி இணையும். வயரைக் கழற்ற மறந்தால் விடியும்போது பற்றரி செத்திருக்கும். வருடக்கணக்கில் கிடந்த பெட்டியில் பழைய பற்றரி ஒழுகி, கிளிப்பைப் பச்சையாக அரித்திருக்கும். அதை மாற்றுவதோடே பாதி நோய் தீர்ந்துவிடுவதுண்டு. ஜக்கின் வில்லுத்தகடு தளர்ந்திருந்தாலும் இதே கதிதான். திருகியைத் திருப்பும்போது மட்டும் சரசரத்தால் அது தூசு. துப்புரவாக்கும் திரவம் கொஞ்சம் விட்டு, பத்து இருபது தடவை முழுதாகத் திருப்பினால் போதும்.

இன்னொரு பொறி மின்முனைகளில் இருக்கிறது. ஜெர்மேனியம் பெட்டியில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு, அதாவது நிலத்தோடு, இணைந்திருக்கும். நாங்கள் பழகிய பெரும்பாலான சாமான்களுக்கு இது தலைகீழ். மற்றப் பெடல்களோடு சேர்த்து ஒரே அடப்ரரில் பூட்டினால் நேரே ஷோட் ஆகும். மல்ரிமீற்றரின் கறுப்பு முனையை உடலில் வைத்து அளந்தால் எல்லா எண்களும் கழித்தல் குறியோடு வரும். பயப்படத் தேவையில்லை. இரண்டாவது ரான்சிஸ்ரரின் கலெக்ரரில் பற்றரியின் அரைவாசி, அதாவது 4.5 வோல்ற் அளவில் இருந்தால் அது சுகமாக இருக்கிறது. 8 வோல்ற்றோ 1 வோல்ற்றோ காட்டினால், ஒலி ஏன் அடைக்கிறது என்பதற்கு அதுதான் பதில். அந்த முனைக்குப் போகிற 8.2 கிலோ ஓம் ரெசிஸ்ரருக்குப் பதிலாக ஒரு சிறிய திருகு ரெசிஸ்ரரை வைத்து, அளவு சரியாகும்வரை திருப்பலாம். இதைக் காலையிலும் மத்தியானத்திலும் இரண்டு தடவை அளந்து பார்ப்பது நல்லது. லண்டன் குளிரை நினைத்துச் செய்த பெட்டிக்கு எங்கள் சித்திரை வெயில் தெரியாது.

ஒலி மெலிந்து, அடித்தொனி இல்லாமல் போயிருந்தால் கொண்டென்சரைச் சந்தேகிக்கலாம். உள்ளீட்டில் 2.2 மைக்ரோ, நடுவில் 20 மைக்ரோ அளவில் இருப்பவை ஐம்பது வருடத்தில் உள்ளே காய்ந்திருக்கும். ஒரு காலைக் கழற்றி அளந்து பார்த்தபின் மாற்றலாம். முனைகளைத் திருப்பிப் பூட்டாமல் கவனிக்க வேண்டும். ஈயம் வைக்கும்போது ரான்சிஸ்ரரின் காலில் ஒரு முதலைக் கிளிப்பைக் கவ்வவிட்டால், சூடு கிளிப்போடு நின்றுவிடும். இவை எல்லாம் பார்த்தபிறகும் குறை தீராவிட்டால்தான் ரான்சிஸ்ரர். அப்போதும் லாச்சியில் கிடைக்கிற முதலாவது ஏசி 128ஐ எடுத்து வைத்துவிட முடியாது. பழைய ஜெர்மேனியத்தில் அரைவாசி கசியும். பத்தை அளந்து, கசிவு குறைந்த இரண்டைச் சோடி சேர்க்க வேண்டும். மேயர் லண்டனில் செய்ததும் இதைத்தான்.

அறுபதுகளின் முடிவில் அந்தப் பெட்டிகளுக்குச் சிலிக்கன் ரான்சிஸ்ரர்கள் வந்தன. வெப்பத்துக்கு அசையாதவை, ஆனால் குரல் கூர்மையானது. ஹென்றிக்ஸும் அவற்றுக்கு மாறினார். 1969 ஓகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை, வூட்ஸ்ரொக் மேடையில் அவர் ஏறியபோது கூட்டத்தில் பெரும்பகுதி வீடு திரும்பிவிட்டது. அங்கே அமெரிக்கத் தேசிய கீதத்தை வாசித்தார். ராக்கெட்டுகளையும் குண்டுகளையும் சொல்கிற அடிகள் வருகிற இடங்களில், பாட்டை விட்டு விலகி, அந்த ஒலிகளையே கிற்றாரில் எழுப்பினார்.

அவரைப் போரெதிர்ப்பாளர் என்று ஒரு சொல்லில் அடைப்பது சரியல்ல. லண்டனுக்கு வந்த புதிதில் வியட்நாம் போரில் அமெரிக்காவின் பக்கம் நின்று பேசியவர் அவர். படையில் கூடப் படுத்தெழும்பியவர்கள் அங்கே இருந்தார்கள். 1970 புத்தாண்டு நாளில் நியூயோர்க்கின் ஃபில்மோர் ஈஸ்ற் அரங்கில், படைமுகாம் நண்பர் பில்லி கொக்ஸோடும் மேளக்காரர் படி மைல்ஸோடும் 'மெஷின் கன்' வாசித்தபோது, அதை வியட்நாமில் சண்டையிடுகிற வீரர்களுக்கும் உள்ளூர் நகரங்களில் சண்டையிடுகிறவர்களுக்கும் சேர்த்தே அர்ப்பணித்தார். பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் நீள்கிற வாசிப்பு. மேளத்தில் துவக்கின் சீரான அடி. அதன்மேல் கிற்றார் ஹெலியைப்போலச் சுற்றும், விழுகிற குண்டைப்போல ஊளையிடும், பிறகு ஓர் ஆளைப்போல அழும். வெளிநாட்டு விமர்சகர்கள் இதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். 1987 மேயில் வடமராட்சியில் பங்கருக்குள் இருந்தவருக்கு அந்தப் பக்கங்கள் தேவைப்படாது. அவருக்கு இதைக் கேட்கப் பிடிக்காமலும் போகலாம். அதுவும் நியாயமே. எனக்குத் தெரிந்தவரை, போரின் சத்தத்தைச் சுடுகிறவன் பக்கமும் சுடப்படுகிறவன் பக்கமும் ஒரே நேரத்தில் நின்று கேட்கவைக்கிற வேறு கிற்றார் வாசிப்பு இல்லை.

அந்த ஆண்டு ஓகஸ்ட் 31 அதிகாலை, இங்கிலாந்தின் வைற் தீவில் பெருங்கூட்டத்துக்கு முன் அதே பாட்டை வாசித்துக்கொண்டிருந்தபோது, பாதுகாப்பு ஊழியர்களின் வோக்கிரோக்கிப் பேச்சு அவரது அம்பிளிபயர்களுக்குள் புகுந்து கூட்டத்துக்குக் கேட்டது. திருத்துகிறவர்களுக்கு இது விளங்கும். நீளமான வயர் ஏரியல் ஆகிறது. ரான்சிஸ்ரரின் உள்ளே இருக்கிற சந்தி டயோட்டாக நின்று அலையைப் பிரிக்கிறது. பிறகு அது நூறு மடங்கு பெருக்கப்படுகிறது. சுருக்கமாக, பெடல் ரேடியோவாக மாறிவிடுகிறது. உறையிட்ட நல்ல வயர், உள்ளீட்டில் 100 பிக்கோ அளவில் ஒரு சின்னக் கொண்டென்சர், இரும்பு அடித்தட்டு நிலத்தோடு சரியாகத் தொடுகிறதா என்ற பார்வை. இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலும் நிற்கும். அன்றிரவு நிற்கவில்லை. துவக்கைப் பற்றிய பாட்டுக்குள் சீருடைக்காரரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதற்கு ஐந்து நாள் முன்னர்தான், நியூயோர்க்கில் அவர் கட்டிய சொந்த ஒலிப்பதிவுக்கூடம் 'எலெக்ரிக் லேடி' திறக்கப்பட்டிருந்தது. செப்டெம்பர் 6ஆம் திகதி ஜேர்மனியின் ஃபேமான் தீவில் கடைசிக் கச்சேரி. செப்டெம்பர் 18ஆம் திகதி லண்டனில் இறந்தார். அளவுக்கு மீறிய தூக்க மாத்திரை, வாந்தி மூச்சுக்குழலில் அடைத்தது. மரண விசாரணை முடிவு திறந்ததாகவே விடப்பட்டது. வயது 27. அவர் பெயர் உலகம் அறிந்து நான்கு வருடம் ஆகவில்லை. ஒக்ரோபர் முதலாம் திகதி சியாற்றிலுக்கு அருகே ரென்ரன் என்ற ஊரில் அடக்கம் நடந்தது.

தோட்டவேலை செய்து பிழைத்த தகப்பன், மகனின் பாட்டுகளின் உரிமையை மீட்க வழக்காட வேண்டியிருந்தது. 1995இல்தான் அவை குடும்பத்தின் கைக்கு வந்தன. வட்டப் பெட்டியை இப்போது அமெரிக்காவில் டன்லொப் நிறுவனம் செய்து விற்கிறது. பழையவற்றைச் சேகரிப்பவர்கள் தேடித் திரிகிறார்கள். அதனால் திருத்துகிறவருக்கு ஒரு வேலை கூடுகிறது. கழற்றிய பழைய கொண்டென்சரையோ ரெசிஸ்ரரையோ எறியாமல், எந்த இடத்திலிருந்து எப்போது கழற்றியது என்று எழுதி, சின்னப் பையில் போட்டுப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். பற்றரியைக் கழற்றித் தனியாகவே கொடுக்க வேண்டும்.